இரு கணக்குகளும் ஒரு முட்டுக்கட்டையும்

அக்காள் தன் கைப்பேசிவழி தம்பிக்கு 50 ரிங்கிட் அனுப்புகிறாள். அதே நொடியில், முன்பு வாங்கிய கடனில் 30 ரிங்கிட்டைத் தம்பி அவளுக்குத் திருப்பி அனுப்புகிறான். இரண்டும் சிறிய வேலைகள்தாம். ஆயினும், வங்கியின் தரவுத்தளத்தில் இவை ஒன்றையொன்று தடுத்து, நகர முடியாமல் நின்றுவிடக்கூடும். இதையே கணினித் துறையினர் ‘டெட்லாக்’, அதாவது முட்டுக்கட்டை என்கின்றனர்.

தகவல்களை அட்டவணைகளாக வைக்கும் தொடர்புமுறைத் தரவுத்தளத்தை 1970ஆம் ஆண்டில் முன்மொழிந்தவர் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட். இத்தகைய தரவுத்தளம், ஒரு கணக்கின் இருப்பை மாற்றும்போது அக்கணக்கிற்குரிய வரிசையைப் பூட்டிவிடும். பூட்டு இல்லையென்றால் என்ன ஆகும்? 100 ரிங்கிட் உள்ள கணக்கை இரண்டு பணிகள் ஒரே நேரத்தில் படித்து, ஒன்று 50ஐயும் மற்றொன்று 30ஐயும் கழித்து எழுதும். 20 ரிங்கிட்டாக இருக்க வேண்டிய இருப்பு, 50 அல்லது 70 எனத் தவறாகப் பதிவாகும். எனவே, பூட்டு வேண்டும். சிக்கலும் அந்தப் பூட்டிலிருந்தே பிறக்கிறது.

அக்காளின் பரிவர்த்தனை அவளுடைய கணக்கைப் பூட்டிவிட்டுத் தம்பியின் கணக்கைக் கேட்கிறது. தம்பியின் பரிவர்த்தனையோ அவன் கணக்கைப் பூட்டிக்கொண்டு அக்காளின் கணக்கைக் கேட்கிறது. பரிவர்த்தனை முடியும்வரை இரண்டும் தத்தம் பூட்டை விடா. குறுகிய சந்தில் எதிரெதிரே வந்த இரண்டு மகிழுந்துகளின் நிலைதான் இது. எவ்வளவு வேகமான கணினியை வாங்கினாலும் இது தீராது. யாரேனும் ஒருவர் பின்வாங்க வேண்டும்.

எது எதற்காகக் காத்திருக்கிறது என்பதைத் தரவுத்தளம் ஆராய்கிறது. அந்தத் தொடர் தொடங்கிய இடத்திற்கே திரும்பினால், அது முட்டுக்கட்டை. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் பொதுவாக 1 வினாடி காத்திருந்த பிறகே இச்சோதனையைச் செய்கிறது, மைக்ரோசாப்டின் எஸ்.கியூ.எல். சர்வர் வழக்கமாக 5 வினாடிக்கு ஒருமுறை செய்கிறது. பின்னர், ஒரு பரிவர்த்தனை கைவிடப்படுகிறது. அதற்குப் ‘பலியாள்’ என்று பெயர்; சற்றுக் கடுமையான பெயர்தான்! ஆனால், பணம் தொலைவதில்லை. அது பாதியில் செய்த மாற்றங்கள் அனைத்தும் பழைய நிலைக்கே மீட்கப்படுகின்றன.

இந்நிகழ்வு பதிவேட்டில் குறிக்கப்படும்போது, பிழை காட்டிய கட்டளையையே பலர் குற்றவாளியாகக் கருதிவிடுகின்றனர். அக்கட்டளை காத்திருந்தது மட்டுமே. மற்றவரைத் தடுத்த பூட்டைப் பெரும்பாலும் அதே பரிவர்த்தனையின் முந்தைய கட்டளையொன்று போட்டிருக்கும். ஆகவே, இரு பரிவர்த்தனைகளின் கட்டளைகளையும் முதலிலிருந்து வரிசையாக எழுதி, எந்த இடத்தில் வரிசை மாறுகிறது என்று பார்க்க வேண்டும்.

தடுக்கும் வழியும் அந்த வரிசையில்தான் உள்ளது. யார் யாருக்கு அனுப்பினாலும், சிறிய எண்ணுடைய கணக்கையே முதலில் பூட்ட வேண்டும் என நிரலில் விதித்துவிடலாம். அக்காளின் கணக்கு எண் சிறியது என்றால், இரு பரிவர்த்தனைகளும் முதலில் அதையே நாடும். முந்தியது உள்ளே செல்லும். பிந்தியது எதையும் பூட்டாமல் வெளியே காத்திருக்கும். பரிவர்த்தனையைச் சுருக்கமாக வைத்தால் மோதலும் குறையும். பூட்டு போட்ட பிறகு, ‘உறுதிதானா?’ என்று பயனரைக் கேட்டு நிற்பது பெருந்தவறு. அவர் தேநீர் அருந்தச் சென்றிருக்கலாம்.

இவ்வளவு செய்தும் எப்போதாவது ஒரு முட்டுக்கட்டை நேரலாம். அப்போது, கைவிடப்பட்ட பரிவர்த்தனையை நிரலே சிறிது நேரம் கழித்து மீண்டும் தொடங்குகிறது. தம்பியின் திரையில் ஒரு சிறு தாமதம் மட்டும் தெரியும்.