காத்திருந்த மாதங்கள் திரும்ப வாரா

சித்தூர் மாவட்டத்தின் நகரியிலும் குப்பத்திலும் பல இல்லங்களில் வீட்டுமொழி தமிழ். அங்கன்வாடியில் ஒலிக்கும் மொழி தெலுங்கு. இரண்டு வயது நிறைந்தும் குழந்தை பேசவில்லையெனில், "இரண்டு மொழி கேட்டுக் குழம்புகிறான், போகப் போகப் பேசிவிடுவான்" என்று வீட்டுப் பெரியவர்கள் ஆறுதல் கூறுவர். "அவன் அப்பனும் மூன்று வயதில்தான் வாய் திறந்தான்" என்னும் சான்றும் உடன் வரும். அன்பினால் எழும் இந்த ஆறுதலே, சில வேளைகளில், குழந்தைக்கு மிகவும் வேண்டிய மாதங்களைக் கொண்டுபோய்விடுகிறது.

இருமொழிச் சூழல் பேச்சுத் தாமதத்திற்குக் காரணமன்று. அத்தகைய குழந்தை தமிழில் சில சொற்களும் தெலுங்கில் சில சொற்களும் அறிந்திருக்கலாம். இரண்டையும் கூட்டியே கணக்கிட வேண்டும். அவ்வாறு கூட்டியும் குறைவெனில், காரணத்தை வேறிடத்தில் தேடுவதே முறை.

எப்போது ஐயுற வேண்டும்?

இரண்டு மாதத்தில் முகம் பார்த்துச் சிரித்தல், நான்கு மாதத்தில் கழுத்து நிற்றல், ஒன்பது மாதத்தில் பிடிப்பின்றி அமர்தல், பதினெட்டு மாதத்திற்குள் தனியே நடத்தல், இரண்டு வயதில் இரு சொற்களைச் சேர்த்துப் பேசுதல் ஆகியவற்றை நாம் அடையாளமாகக் கொள்ளலாம். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, வேண்டியதை விரலால் சுட்டாமை ஆகியனவும் கவனத்திற்குரியவை. பேசிய சொற்களைக் குழந்தை மறந்துவிட்டால், எந்த வயதாயினும் காத்திருத்தல் கூடாது.

தாமதத்தின் காரணங்கள் பலவகைப்பட்டவை. செவித்திறன் குறைந்த குழந்தை பேசாதிருப்பது இயல்பு; ஆதலின் பேச்சுத் தாமதத்தில் முதற்சோதனை செவிக்கே உரியது. பிறவியிலேயே தைராய்டு சுரப்பு குறைந்திருப்பதை இரத்தப் பரிசோதனை காட்டிவிடும். பிறந்த சில வாரங்களுக்குள் மருந்து தொடங்கினால் அறிவு வளர்ச்சியைப் பெரும்பாலும் காக்கலாம். முதல் மூன்று ஆண்டுகளில் மூளை விரைந்து வளர்வதால், பயிற்சியின் பயனும் அப்போதே மிகுதி.

எங்குச் செல்வது?

முதற்படி மிக அருகிலேயே உள்ளது. 2013ஆம் ஆண்டு மத்திய அரசு தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரமம், பிறப்பு முதல் 18 வயது வரையுள்ளோரிடம் 30 வகைக் குறைபாடுகளைக் கண்டறிய வகுக்கப்பட்டது. வளர்ச்சித் தாமதமும் அவற்றுள் ஒன்று. இதன் நடமாடும் மருத்துவக் குழு ஆண்டிற்கு இருமுறை அங்கன்வாடிக்கு வரவேண்டும். ஐயம் எழுந்தால் குழந்தையை மாவட்ட இடையீட்டு மையத்திற்குக் கட்டணமின்றி அனுப்புவர்.

2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானது. அங்கு ரூயா என்று மக்கள் அழைக்கும் அரசுப் பொது மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் விசாரிக்கலாம். சித்தூரிலிருந்து திருப்பதி ஏறத்தாழ 70 கிலோமீட்டர். வேலூர் அதில் பாதித் தொலைவே. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் குழந்தை வளர்ச்சி மருத்துவத்திற்கெனத் தனிப் பிரிவு உண்டு. எங்குச் சென்றாலும் வீட்டுமொழி தமிழ் என்பதை முதலிலேயே கூறுதல் நன்று. தெரியாத மொழியில் கேட்ட வினாவிற்குக் குழந்தை விடை கூறாததைக் குறையாகக் கொள்ளலாகாது.

அங்கு நிகழ்வது என்ன?

முதற்கட்டச் சோதனை வேறு. நிபுணர் மதிப்பீடு வேறு. திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையம் உருவாக்கிய அட்டவணை, இரண்டு வயதுக்குட்பட்டோரின் 17 செயல்களைச் சில நிமிடங்களில் பார்த்து ஐயத்தை மட்டுமே எழுப்பும். நிபுணர் மதிப்பீட்டிலோ மருத்துவர், உளவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர், இயன்முறை மருத்துவர் எனப் பலர் குழந்தையைக் காண்பர். ஒன்றுக்கு மேற்பட்ட வருகைகள் தேவைப்படலாம்.

தாய்சேய் நல அட்டை, பிரசவ மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரி, முந்தைய பரிசோதனை முடிவுகள் ஆகியவற்றை எடுத்துச் செல்க. புதிய இடத்தில் குழந்தை அஞ்சி ஒடுங்கலாம். ஆகவே வீட்டில் விளையாடுவதையும் உண்பதையும் கைப்பேசியில் பதிவு செய்து காட்டுதல் மருத்துவருக்குப் பேருதவியாகும்.

செலவும் சேமிப்பும்

ஒருமுறை செய்யும் பரிசோதனையைவிட வாரந்தோறும் தொடரும் பயிற்சியும் பயணமுமே குடும்பத்திற்குச் சுமை. பேருந்துக் கட்டணத்தையும் இழக்கும் நாட்கூலியையும் சேர்த்து மாதக் கணக்கு எழுதி, அதற்கெனத் தனிச் சேமிப்பு வைத்தல் நலம். ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பன்முகக் குறைபாடு ஆகியவற்றுக்குச் சான்றிதழ் பெற்றோர்க்குத் தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை உதவும். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80டிடி பிரிவு, 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுடைய சார்ந்தோரைப் பேணுவோர்க்கு 75,000 ரூபாயும், 80 விழுக்காடு முதலானோர்க்கு 1,25,000 ரூபாயும் கழிவாக வகுத்தது. ரசீதுகளை முதல் நாளிலிருந்தே தேதிவாரியாகக் கோத்து வையுங்கள்.

மதிப்பீடு என்பது தீர்ப்பன்று. குழந்தை இன்று எங்கு நிற்கிறது, அடுத்து எதைக் கற்பிக்கலாம் என்பதைக் காட்டும் வழிகாட்டி. குறையொன்றும் இல்லையெனத் தெரிந்தால் இழப்பது ஒரு நாள். குறை இருந்து காத்திருந்தாலோ, இழப்பது குழந்தையின் மாதங்கள். அடுத்த முறை அங்கன்வாடிக்குச் செல்லும்போதே கேட்டுவிடுங்கள்.