எண்ணத்தைச் சோதித்துப் பார்ப்போம்

காய்ச்சல் என்றால் டாக்டரிடம் ஓடுகிறோம். உள்ளம் சோர்ந்து ஒருவர் படுத்துவிட்டாலோ, "சோம்பேறி" என்று பட்டம் சூட்டிவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போகிறோம். இது நியாயமா, நண்பர்களே?

வாஷியில் அறை எடுத்துத் தங்கி உளவியல் பயில்பவன் நான். பயின்றவற்றுள் நம்மவர்க்கு மிகவும் பயன்படும் ஒன்றை இங்கே எடுத்துரைக்க விரும்புகிறேன்.

துயரம் வேறு, மனச்சோர்வு நோய் வேறு. தேர்வில் தவறினால் நாலு நாள் வருந்துவது இயற்கை. இரண்டு வாரமாகியும் நாள் முழுதும் மனம் கனத்துக் கிடப்பதும், பிடித்தவை யாவும் கசப்பதும், உறக்கமும் பசியும் கெடுவதும், "நான் எதற்கும் உதவேன்" என்று குமைவதும் நோயின் அடையாளங்கள்.

இதைப் பேச்சாலும் பயிற்சியாலும் தீர்க்க முடியுமா? முடியும் என்று காட்டியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்க டாக்டர் ஆரன் பெக் (1921–2021). அடக்கிய சினமே சோர்வாகிறது என்பது உளப்பகுப்பு நூலார் கொள்கை. அதை மெய்ப்பிக்கவே அவர் நோயாளிகளின் கனவுகளை ஆராய்ந்தார். அங்கே கண்டதோ இழப்பும் தோல்வியும்! விழித்திருக்கும்போதும் அத்தகைய எண்ணங்களே அவர்கள் நெஞ்சில் தாமாக எழுந்தன. அவ்வெண்ணங்களையும், அவற்றால் முடங்கிய நடத்தையையும் திருத்துவதே 'எண்ண–நடத்தைச் சிகிச்சை'. இதனை விளக்கும் நூலைப் பெக்கும் அவர் துணைவர்களும் 1979-இல் வெளியிட்டனர்.

ஓர் உதாரணம் கூறுகிறேன். ஒரு மாணவர் ஒரு பாடத்தில் தவறிவிட்டார். வாஷி ரயில் நிலையத்தில் எதிரே வந்த நண்பன் பேசாமல் போகிறான். "தோற்றவனை யார் மதிப்பார்?" என்ற எண்ணம் மின்னுகிறது. அறைக்குத் திரும்பிப் படுத்துவிடுகிறார்.

சிகிச்சையாளர் "கவலைப்படாதே" என்று சொல்லி அனுப்புவதில்லை. நிகழ்ச்சி, எண்ணம், உணர்ச்சி என்று தாளில் மூன்று கட்டம் போட்டு எழுதச் சொல்கிறார். "இவ்வெண்ணத்துக்குச் சான்று என்ன? எதிர்ச்சான்று என்ன? வேறு காரணம் இருக்கலாகாதா?" என்று வினவுகிறார். வண்டியைப் பிடிக்க ஓடியவன் கவனிக்காமல் போயிருக்கலாம் அல்லவா? பாடத்தில் தவறியது மட்டும் உண்மை. அதனோடு வாதாடிப் பயனில்லை. மறுதேர்வுக்கு வழி என்ன என்று இருவரும் சேர்ந்து ஆராய்கிறார்கள்.

அடுத்தது நடத்தை. "மனம் தெளிந்ததும் எழுவேன்" என்கிறார் நோயாளி. "எழுந்தால் மனம் தெளியும்" என்கிறது இச்சிகிச்சை. மாலையில் சாகர் விகார் கரையில் பத்து நிமிட நடை. மறுநாள் ஒரு நண்பரோடு தேநீர். சிறு செயல்களே! ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் மனநிலை எப்படி என்று குறித்துக்கொள்ள வேண்டும்.

இது பெரிய டாக்டர்களுக்கே உரிய வித்தையோ? இல்லை. கோவாவில் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில் 'சங்காத்' நிறுவனத்தார், கடுமையான சோர்வுற்ற 495 பேரிடம் ஓர் ஆராய்ச்சி நடத்தினர். செயலைத் தூண்டும் பகுதியை மையமாகக் கொண்டு 6 முதல் 8 அமர்வுகள். நடத்தியவர்களோ மருத்துவப் பட்டம் இல்லாத, பயிற்சி மட்டும் பெற்றவர்கள்! மூன்று மாதத்தில் அவர்களிடம் சிகிச்சை பெற்றோரில் நூற்றுக்கு 64 பேருக்கு நோய் தணிந்தது. அது பெறாதோரில் 39 பேருக்கே. 2017-இல் 'லான்செட்' இதழில் இம்முடிவு வெளிவந்தது.

எல்லோருக்கும் தணியவில்லை என்பதையும் மறக்கலாகாது. கடுமையான நோய்க்கு மருந்தும் வேண்டியிருக்கலாம். மனநல மருத்துவரை நாடத் தயங்க வேண்டாம். "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று நேரே கேட்டால் அவ்வெண்ணம் வளர்ந்துவிடும் என்று அஞ்ச வேண்டுவதில்லை. தோன்றுகிறது என்றால் அவரைத் தனியே விடாதீர்கள். 2022-இல் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' தொலைபேசி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் இலவசம்.

நாம் சிகிச்சையாளர் ஆகிவிட முடியாது. ஆயினும், நாலு நாளாகச் சாப்பாட்டுக்கு வராத நண்பரின் கதவைத் தட்டலாம். "வா, கரைவரை நடந்துவிட்டு வருவோம்" என்று அழைக்கலாம். மருத்துவரிடம் உடன் செல்லலாம். அதற்குப் பட்டம் எதுவும் வேண்டியதில்லை.