உஷார்! 2020-இன் ப்ராப் 25-இல் 'நோ' போட்டால் எது போகும் என்றிருந்தது?

கலிஃபோர்னியாவில் ஓட்டு உள்ள தமிழர்களே, 2020 தேர்தலில் தபாலில் வந்த வாக்குச்சீட்டில் ஜனாதிபதி பெயரைக் குறித்துவிட்டு மற்றதை மளமளவென்று முடித்திருக்கக் கூடாது. ப்ராப் 25 என்ற வாக்கெடுப்புக் கேள்வி வந்த இடத்தில் கொஞ்சம் நின்றிருக்க வேண்டும்.

ரொக்க ஜாமீன் வேண்டாம் என்று நினைத்து 'நோ' போட்டால், அதே ரொக்க ஜாமீன்தான் நிலைக்கும் என்றிருந்தது! 2018-இல் கவர்னர் ஜெர்ரி பிரவுன் கையெழுத்திட்ட, ரொக்க ஜாமீனை ஒழிக்கும் எஸ்.பி. 10 சட்டம் இருக்கட்டுமா என்பதே அப்போதைய கேள்வி. 'யெஸ்' போட்டால்தான் ரொக்க ஜாமீன் ஒழியும் என்ற நிலை. சட்டத்தை நிறுத்திவைத்து ஓட்டுக்கு இழுத்தவர்கள் யார்? கையெழுத்து வேட்டைக்குப் பணம் கொட்டிய ஜாமீன் கம்பெனிகள்.

நம்மூரில் ஜாமீன்தாரர் என்றால் மாமாவோ மச்சானோ. இங்கே அது வியாபாரம். ஜாமீன் 50,000 டாலர் என்றால் 5,000 டாலர் கம்பெனிக்குக் கட்டணம்; வழக்கே தள்ளுபடியானாலும் அது திரும்பாது. கட்ட வழியில்லாதவர் அப்போது உள்ளேயே கிடக்க வேண்டியிருந்தது. சான்ஃபிரான்சிஸ்கோவில் 5 டாலரும் ஒரு சென்ட் பாட்டிலும் திருடியதாகக் கைதான முதியவருக்கு நீதிமன்றம் விதித்த ஜாமீன் 3,50,000 டாலர். குறைத்த பிறகு!

"அப்படியானால் கண்ணை மூடிக்கொண்டு யெஸ்" என்கிறீர்களா? அங்கேயும் உஷார். எஸ்.பி. 10-இன்படி சில்லறைக் குற்றங்களில் சிக்கியவர்களில் பெரும்பாலோர் 12 மணி நேரத்தில் வெளியே வந்துவிடுவார்கள், சரி. மற்றவர்களுக்குப் பழைய வழக்கு, வாய்தாவுக்கு வராமல் போனது என்று ஒரு மதிப்பீட்டுக் கருவி கணக்குப் போட்டு மதிப்பெண் தரும். 'அதிக ஆபத்து' என்று முத்திரை விழுந்தால், கை நிறையப் பணம் இருந்தாலும் உடனே வெளியே வர முடியாது.

ஃபுளோரிடாவின் பிரவர்ட் கவுண்டியில் இப்படியொரு கருவியை 2016-இல் புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம் ஆராய்ந்தது. பிறகு எந்தக் குற்றமும் செய்யாத கறுப்பினத்தவரை, அதேபோன்ற வெள்ளையரைவிட ஏறக்குறைய இருமடங்கு அது ஆபத்தானவர் என்று தவறாகக் குறித்திருந்தது. தயாரித்த நிறுவனம் மறுத்தது. ஆனாலும் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு ப்ராப் 25-ஐ எதிர்த்ததற்கு இந்தப் பயமும் ஒரு காரணம். ஜாமீன் கம்பெனிகளோடு ஒரே வரிசையில் நின்றார்கள், பாவம்!

என் சாய்வு 'யெஸ்' பக்கம் இருந்தது. கருவிகளைச் சரிபார்த்து விவரத்தை வெளியிடச் சொல்லும் எஸ்.பி. 36 சட்டம் 2019-லேயே வந்துவிட்டது என்பதால் அந்தத் துணிச்சல். நீங்கள் எதைக் குறித்திருந்தாலும் சரி, டிவி விளம்பரத்தின் கடைசியில் பணம் கொடுத்தவர் பெயர் பொடி எழுத்தில் ஓடியது, அதை ஒருமுறை படித்திருக்க வேண்டும். 2020 நவம்பர் 3-க்குள் தபால் முத்திரை விழ வேண்டியிருந்தது. உறையின் மேல் கையெழுத்தும் வேண்டியிருந்தது.