திரைவழிக் கூட்டம்: எந்தக் கருவி நமக்கு ஏற்றது?

கூடிப் பேசுதல் மக்களின் இயல்பு. நம் முன்னோர் மரத்தடியிற் கூடினர். கோயில் மண்டபத்திற் கூடினர். இக்காலத்திலோ கைத்தொலைபேசியின் சிறு திரையே மண்டபமாகிவிட்டது.

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் கொரோனா நோயின் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டு, ஊரடங்கும் பிறப்பிக்கப்பட்டபோது இம்மாற்றம் நம் நாட்டில் விரைந்து பரவிற்று. பல்கலைக்கழகங்களை இணைக்கும் ‘லேர்ன்’ என்னும் வலையமைப்பு, ஸூம் வழியாக விரிவுரைகள் நடைபெறத் துணை செய்தது. 2022இல் எரிபொருள் கிட்டாத நாட்களில் அரசாங்க அலுவலர் பலர் வீட்டிலிருந்தே கடமையாற்றினர். அந்நாட்கள் கடந்தும் திரைக்கூட்டம் நம்மை விட்டு நீங்கவில்லை. மாத்தளையில் இருந்தபடியே கொழும்பிலுள்ள நிறுவனத்திற்கு வேலை செய்யும் இளைஞரும், கடல்கடந்து வாழும் பழைய மாணவரோடு ஆலோசனை நடத்தும் சங்கத்தாரும் இன்று அதனை நம்பியே இருக்கின்றனர்.

“இத்தனை செயலிகளுள் எது சிறந்தது?” என்று மாணவர் நம்மைக் கேட்பதுண்டு. எது சிறந்தது என்பதினும், எது நமக்குப் பொருந்துவது என்பதே தக்க வினா. வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை வள்ளுவர் அடுத்தடுத்து வைத்தார். அரசனுக்கு உரைத்த அம்மூன்றும் இவ்விடயத்திற்கும் அளவுகோலாகும்.

முதலாவது வலி, அதாவது, நம் இணையத்தின் வலிமை. குரல் மட்டும் செல்வதற்கு வினாடிக்கு 60 முதல் 80 கிலோபிட்டும், இருவர் தெளிவான படத்தோடு உரையாடுவதற்கு 600 கிலோபிட்டும் வேண்டும் என்பது ஸூம் நிறுவனத்தின் கணக்கு. இதனை ஒரு மணி நேரத்திற்குப் பெருக்கிப் பாருங்கள். குரலுக்கு 36 மெகாபைட் போதும். படத்துக்கோ 270 மெகாபைட் ஆகும். போவதற்கும் வருவதற்கும் சேர்த்தால் இரட்டிப்பாகும். ஆகவே, எச்செயலியை எடுப்பினும், படத்தை நிறுத்திக் குரலை மட்டும் விட்டால் செலவு பெரிதும் குறையும். நக்கிள்ஸ் மலைச்சாரலிலுள்ள தோட்டங்களுக்கு இது மிக முக்கியமான செய்தி. பதுளை மாவட்டத்துப் பொஹிட்டியாவ கிராமப் பிள்ளைகள் 2021ஆம் ஆண்டில் காட்டுவழியே நடந்து, பாறை மீதேறி அலைவரிசை தேடியதை உலகப் பத்திரிகைகள் வெளியிட்டன. மலைநாட்டார்க்கு அது வியப்பன்று, வேதனை.

இரண்டாவது காலம். கட்டணமின்றிப் பயன்படுத்துவோர்க்கு ஸூம் 100 பேருக்கு 40 நிமிடம் தருகின்றது. கூகுள் மீட், மூவரும் அதற்கு மேற்பட்டவரும் கூடுங்கால் 60 நிமிடம் தருகின்றது. மைக்ரோசாஃப்ட் டீம்ஸும் அவ்வாறே. சிறு குழுவாயின் வாட்ஸ்அப்பிலேயே 32 பேர் வரை பேசலாம். எல்லோரிடமும் அது முன்னரே இருப்பது ஒரு நன்மை. ஜிட்சி என்பது மூலநிரல் யாவர்க்கும் திறந்துள்ள செயலி. தொழில்நுட்பம் அறிந்தவர் அதனைத் தம் சொந்தக் கணினியிலேயே நிறுவி நடத்தலாம். 2003இல் தோன்றி உலகெங்கும் புகழ்பெற்ற ஸ்கைப், 2025 மே மாதத்தில் மூடப்பட்டது. ஆதலின், கூட்டக் குறிப்புகளை ஒரு செயலியிடம் மட்டும் ஒப்படைத்துவிடாமல், சங்கத்துப் புத்தகத்திலும் எழுதிவைத்தல் அறிவுடைமை.

மூன்றாவது இடம். திரைக்கூட்டம் நடப்பது வீட்டினுள்ளே. 2020இல் அழையாத விருந்தினர் பலர் ஸூம் கூட்டங்களிற் புகுந்து தொல்லை செய்தனர். அதே ஆண்டு, அந்நிறுவனம் தன் பாதுகாப்பை மிகைப்படுத்திக் கூறியதென அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றஞ்சாட்ட, திருத்திக்கொள்ள அது உடன்பட்டது. கடவுச்சொல்லும், அனுமதி பெற்று உள்நுழையும் காத்திருப்பு அறையும் இல்லாது கூட்டம் நடத்துதல் கதவில்லா வீட்டிற் பணப்பெட்டியை வைப்பதை ஒக்கும். ஒருவர் முகத்தையும் குரலையும் பதிவு செய்வதற்கு முன் அவர் சம்மதத்தைக் கேட்டல் வேண்டும்.

இவற்றினும் பெரிதொன்று உண்டு. நாளெல்லாம் மலையிற் கொழுந்து பறித்து, மாலையில் நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்துக்குத் திரும்பும் தாயை எண்ணிப் பாருங்கள். வீட்டிலுள்ள ஒரே கைத்தொலைபேசியிற் பிள்ளை பாடம் பார்க்கின்றது. பெற்றோர் கூட்டத்தின் இணைப்பு வந்து சேர்கின்றது, டேட்டா இல்லை. அவளின்றியே அவள் பிள்ளையைப் பற்றித் தீர்மானம் நிறைவேறுகின்றது. வராதவரை அக்கறையில்லாதவர் என்று குறிப்பேட்டில் எழுதிவிடுதல் நியாயமாகுமா?

ஆகவே, கூட்டம் கூட்டுவோர் சில நெறிகளைக் கைக்கொள்ளலாம். குழுவில் மிக எளிய தொலைபேசி வைத்திருப்பவரிடம் எந்தச் செயலி இயங்குகின்றதோ, அதனையே தேர்க. பத்து நிமிடம் ஒத்திகை பார்க்க. பேசவேண்டிய பொருளை முன்னாளே தமிழில் எழுதியனுப்புக. சேர இயலாதவரைச் சாதாரண அழைப்பில் அழைத்துக் கருத்தறிக. பிள்ளைகளின் எதிர்காலத்தைத் தொடும் முடிவாயின், நேரிற் கூடியே முடிவு செய்க.

சபையின் பெருமை அதன் விளக்கொளியில் இல்லை. கடைசி வரிசையில் அமர்ந்தவருக்கும் பேச்சுக் கேட்பதில் இருக்கின்றது. திரைச்சபைக்கும் அதுவே விதி.