தங்கத்துக்குத் தனி அவுன்ஸ்!



ஒரு அவுன்ஸ் எத்தனை கிராம்? யாராவது கேட்டால் "28.35" என்று டக்குனு சொல்லிடுவேன். மனப்பாடம். அந்த மனப்பாடத்தால் எங்கள் வீட்டில் பெரிய வம்பு வந்தது.

அண்ணன் காலேஜ் பீஸ் கட்ட அம்மா தன் சங்கிலியை விற்கப் போனாங்க. நானும் கூடப் போனேன். உலகச் சந்தையில் ஒரு அவுன்ஸ் தங்கம் இத்தனை டாலர் என்று முந்தின நாள் டி.வி. செய்தியில் சொன்னதை நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அதை 28.35-ஆல் வகுத்து, டாலரை ரூபாயாக்கிப் பார்த்தால் கடைக்காரர் சொன்ன விலை ரொம்பக் குறைச்சல். "அம்மா, இவர் ஏமாத்துறார்" என்று அவர் எதிரிலேயே சொல்லிட்டேன். அம்மா சங்கிலியைத் திருப்பி வாங்கிக்கிட்டு வந்துட்டாங்க. பீஸ் கட்ட நாலு நாள்தான் பாக்கி.

மறுநாள் கணக்கு டீச்சரிடம் நோட்டைக் காட்டினேன். "வகுத்தது சரிதான். ஆனா அவுன்ஸ்தான் தப்பு" என்றார்.

இங்கிலாந்து அளவையில் அவுன்ஸ் இரண்டு வகையாம். இரண்டுக்கும் அடிப்படை 'கிரெயின்' என்ற குட்டி எடை. தானிய மணி என்று அர்த்தம். 1 கிரெயின் சுமார் 64.8 மில்லிகிராம். பஞ்சு, சர்க்கரை எல்லாம் நிறுக்கிற சாதாரண அவுன்ஸில் 437.5 கிரெயின். அதுதான் நம்ம 28.35 கிராம். தங்கம், வெள்ளிக்கு 'டிராய் அவுன்ஸ்'. அதில் 480 கிரெயின். 480-ஐ 64.8-ஆல் பெருக்குங்கள்: 31,104 மில்லிகிராம், அதாவது 31.1 கிராம். செய்தியில் தங்கத்துக்கு அவுன்ஸ் என்றாலே இதுதான். 'டிராய்' என்பதைச் சேர்த்துச் சொல்லாததால்தான் நான் மாட்டிக்கிட்டேன்!

மூணு கிராம்கூட வித்தியாசம் இல்லையே என்று நினைக்காதீங்க. ஒரு அவுன்ஸ் 2,835 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 28.35-ஆல் வகுத்தால் கிராம் 100 டாலர். 31.1-ஆல் வகுத்தால் 91 டாலர்தான். ஒரு பவுனுக்கு, அதாவது 8 கிராமுக்கு, ஏறக்குறைய 70 டாலர் தப்பாகும்.

இன்னொன்றையும் விட்டிருந்தேன். அந்த விலை சுத்தத் தங்கத்துக்கு. அம்மா சங்கிலி 22 கேரட், அதில் 24-க்கு 22 பங்குதான் தங்கம். இறக்குமதி வரி வேறு இங்கே விலையில் சேருமாம். எல்லாம் போட்டுப் பார்த்தோம். கடைக்காரர் சொன்னதுக்குப் பக்கத்தில் வந்தது. அம்மாகூட மறுபடியும் அதே கடைக்குப் போனேன். அவர் சிரித்தார். எனக்குத்தான் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

நம்ம 'பவுன்'கூட அந்த ஊர் பவுண்டுதான். ஒரு பவுண்டு மதிப்புள்ள பிரிட்டிஷ் சவரன் காசு 7.988 கிராம். நம்ம கடைகளில் முழுசாக 8 கிராம். காய்ச்சல் மாத்திரை அட்டையில் 650 மி.கி. என்று இருக்கே, பார்த்திருக்கீங்களா? 10 கிரெயின் 648 மில்லிகிராம். அதைத்தான் 650 ஆக்கியிருக்காங்க!

இப்போ ஒரு புதிர். சாதாரண பவுண்டுக்கு 16 அவுன்ஸ். இங்கிலாந்தில் 1879-இல் கைவிட்ட டிராய் பவுண்டுக்கு 12 டிராய் அவுன்ஸ். ஒரு அவுன்ஸ் பஞ்சு, ஒரு அவுன்ஸ் தங்கம், இதில் எது கனம்? அதே ஒரு பவுண்டு பஞ்சு, ஒரு டிராய் பவுண்டு தங்கம் என்றால்? விடையைத் தாளில் எழுதி 9-ஆம் வகுப்பில் என்னிடம் கொடுங்கள்.