முயல்கள் போட்ட கணக்கு

"சார், நாளாக நாளாகக் கிருமி சாதுவாகிடும்னு சொல்றாங்களே, நிஜமா?"

கொரோனாவுக்குப் பிறகு பள்ளி திறந்த வாரம், பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள். கணக்கு வாத்தியாரான எனக்கு இதில் என்ன வேலை என்று நான் தட்டிக்கழிக்கவில்லை. இதற்கு விடை ஒரு பின்னத்தில்தான் இருக்கிறது. அன்று கரும்பலகையில் எழுதியதையே இங்கும் எழுதுகிறேன்.

ஆஸ்திரேலியாவில் 1859-ல் தாமஸ் ஆஸ்டின் என்ற பண்ணைக்காரர் வேட்டையாடுவதற்காகக் காட்டுமுயல்களை அவிழ்த்துவிட்டார். அவை கோடிகோடியாகப் பெருகி, ஆடுகளின் மேய்ச்சல் நிலத்தை மொட்டையடித்தன. அவற்றை ஒழிக்க 1950-ல் மிக்சோமா என்ற வைரஸைப் பரப்பினார்கள். கொசுக்கள் அதை முயலுக்கு முயல் கொண்டுபோயின. முதலில் நோய் கண்ட முயல்களில் நூற்றுக்கு 99-க்கும் மேல் செத்தன.

பிராங்க் ஃபென்னர் என்ற விஞ்ஞானி காட்டில் கிடைத்த வைரஸ்களைச் சோதனைக்கூட முயல்களுக்குச் செலுத்திப் பார்த்து, கொடுமைக்கு ஏற்ப ஐந்து தரமாகப் பிரித்தார். சில ஆண்டுகளிலேயே கொடிய முதல் தரம் அரிதாகிவிட்டது. ஆனால் எங்கும் நிறைந்திருந்தது சாதுவான ஐந்தாம் தரமும் அல்ல. நடுவிலுள்ள மூன்றாம் தரம். அதுவும் நூற்றுக்கு 70 முதல் 95 முயல்களைக் கொன்றது, சற்றே தாமதமாக.

ஏன் நடுத்தரம் வென்றது? 1982-ல் ராய் ஆண்டர்சன், ராபர்ட் மே இருவரும் இதைக் கணக்காகப் போட்டார்கள். பின்னத்தின் மேலே, நோய் பரவும் வேகம். கீழே மூன்றின் கூட்டுத்தொகை: நோயால் சாகும் வேகம், இயல்பாகச் சாகும் வேகம், குணமாகும் வேகம். எந்த வகைக்கு இந்தப் பின்னம் பெரிதோ, அதுவே நிலைக்கும்.

புரிவதற்காக எண்களை நாமே வைத்துக்கொள்வோம். கீழ் எண் பெரிதானால் தொற்றும் நாட்கள் குறையும்; அதனால் பரவும் வேகத்தை நாட்களால் பெருக்கினாலே பின்னத்தின் மதிப்பு கிடைத்துவிடும். கொடிய வகை நாளுக்கு 3 முயல்களுக்குத் தொற்றுகிறது, ஆனால் 5 நாளில் முயல் செத்துவிடுகிறது: மொத்தம் 15. சாதுவான வகையில் முயலின் தோலில் வைரஸ் குறைவு. கடிக்கும் கொசுவின் வாயில் அதிகம் ஒட்டாது. இரண்டு நாளுக்கு ஒரு முயல், 20 நாளில் குணம்: மொத்தம் 10. நடுத்தர வகை நாளுக்கு 2 வீதம் 20 நாள் தொற்றுகிறது: மொத்தம் 40.

கதை அத்துடன் முடியவில்லை. தப்பிப் பிழைத்த முயல்களின் வாரிசுகள் நோயைத் தாங்கும் தன்மையைப் பெற்றன. முயல் சீக்கிரம் குணமானால் கீழ் எண் கூடும், சாதுவான வகையின் பின்னம் சிறுக்கும். அப்போது கொடிய வகைக்கே மறுபடி லாபம். பிற்காலத்தில் பிடிபட்ட சில வைரஸ்கள் உண்மையிலேயே அப்படிக் கொடூரமாக இருந்தன.

கொரோனாவில் நோயாளி இறப்பதற்கு முன்பே, முதல் சில நாட்களில், தொற்று பரவிவிடுகிறது. சாவால் வைரஸுக்குப் பெரிய நஷ்டமில்லை. அதனால்தான் 2021-ல் டெல்டா என்ற வகையால் வேகமாகவும் பரவ முடிந்தது, கடுமையாகவும் தாக்க முடிந்தது.

ஆகவே, அந்த மாணவிக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். கிருமி தானாக அடங்கும் என்று காத்திருக்காதீர்கள். பரவும் வழி எதுவோ அதை அடைத்துவிடுங்கள்: தேங்கிய நீரை அகற்றுங்கள், குடிநீரைக் காய்ச்சுங்கள், தடுப்பூசியைத் தவறாமல் போடுங்கள். பின்னத்தின் மேல் எண்ணைக் குறைப்பது நம் கையில்தான் இருக்கிறது.