தெளிவும் தூய்மையும்

குழாய்நீர் தெளிந்திருப்பின் அது தூயதென அமைதல் மக்கள் இயல்பு. தெளிவு கண்ணுக்குப் புலனாவது. தூய்மை அங்ஙனம் புலனாவதன்று. இவ்வேறுபாட்டைப் பெருந்துன்பத்தின் வாயிலாக உணர்ந்த நகரம் அமெரிக்க நாட்டு மில்வோக்கி.

மிச்சிகன் ஏரிக்கரையிலுள்ள அந்நகர் லின்வுட், ஹவார்ட் அவனியூ என்னும் இரு நிலையங்களில் ஏரிநீரைச் சுத்திகரித்துப் பெறுகின்றது. 1993ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் ஹவார்ட் நிலையத்து நீரிற் கலங்கல் மிகுந்தது. ஆயினும் அந்நீர் அக்காலத்து விதிகளுக்கு அமைந்ததாகவே கொள்ளப்பட்டது. சின்னாளில் நகரெங்கும் வயிற்றோட்டம் பரவிற்று. ஏப்ரில் 7ஆம் நாள், நீரைக் கொதிக்கவைத்துப் பருகுமாறு மக்கள் பணிக்கப்பட்டனர். ஹவார்ட் நிலையமும் தற்காலிகமாக மூடப்பட்டது. நோயுற்றோர் ஏறத்தாழ 403,000 பேரென ஆய்வாளர் கணித்தனர். மாண்டோர் 50 பேருக்கு மேற்பட்டோர். அவருட் பெரும்பாலார் எயிட்ஸ் நோயால் முன்னரே மெலிந்தவர்.

நோய் விளைத்தது கிரிப்டோஸ்போரிடியம் என்னும் நுண்ணுயிர். வன்தோல் போர்த்த நிலையில் அதன் பருமன் ஒரு மில்லிமீற்றரின் இருநூற்றில் ஒரு கூறளவினது. நீருக்கு இடும் அளவிற் குளோரீன் அதனைக் கொல்லமாட்டாது. ஆகவே, வடிகட்டி ஒன்றே அன்று நகரத்தின் அரணாக நின்றது.

தேற்றாங்கொட்டையை உரைத்துக் கலங்கல்நீரைத் தெளிவித்தல் நம் முன்னோர் அறிந்த முறை. ஆலைகளிற் படிகாரம் முதலியவற்றைச் சேர்ப்பதும் அத்தகையதே. நுண்துகள்கள் ஒன்றோடொன்று பற்றித் திரண்டாலன்றி மணற்படுகை அவற்றைத் தடுக்கமாட்டாது. திரட்டும் வினை பிழைக்குமாயின் வடிகட்டும் வினையும் உடன் பிழைக்கும்.

இதனை உணர்ந்த நகரத்தார் நிலையங்களைப் புதுக்கினர். ஹவார்ட் நிலையத்துக்கு நீர் கொணரும் குழாய் ஏரியினுள்ளே மேலும் 4,200 அடி நீட்டப்பட்டது. வடிகட்டிகள் திருத்தியமைக்கப்பட்டன, கலங்கலை இடையறாது அளக்கும் கருவிகள் பொருத்தப்பட்டன. 1998இல் ஓசோன் முறை இரு நிலையங்களிலும் புகுத்தப்பட்டது. ஒட்சிசனூடே மின்பாய்ச்சிப் பெறப்படும் ஓசோன், குளோரீனுக்கு அடங்காத அவ்வுயிரையும் அழிக்கவல்லது. எனினும் அது நீரில் நெடிது நில்லாது. ஆதலின் குழாய்வழி செல்லும் நீருக்குக் குளோரீன் சார்ந்த காப்பு பின்னும் வேண்டப்படுகின்றது. அரண் ஒன்றாயிருந்த இடத்தில் இன்று பல அரண்கள் உள.

வலியார்க்குச் சின்னாள் நோயாய் ஒழிந்த அந்நீர் மெலியார்க்குக் கூற்றாயிற்று. விதிக்கு அமைந்த நீரே அவ்வாறு செய்ததென்பது நினைக்கத்தக்கது. பொதுநீரின் தூய்மையை அளக்கும் கோல், ஊரில் மிக மெலிந்தவருடைய உடம்பேயாதல் வேண்டும்.